ஈரத்துணியில் நுரை

காலை 5.40.

விமானத்தின் இடது சக்கரக் காலைத் துடைத்துக்கொண்டிருந்த சாகுமாவின் துணியில் நுரை வந்தது.

நகோயாத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டகை அது. நவம்பர் மாதக் கடல்காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் அங்கே முதல் வேலை, உப்புப் பிசுக்கு போக விமானத்தை மூக்கு முதல் வால் வரை ஈரத்துணியால் துடைப்பது. ஒரு வருஷமாகச் சாகுமா துடைக்கிறான். ஒரு நாளும் நுரை வந்ததில்லை.

மறுபடி துடைத்தான். சாம்பல் நிறப் பூச்சு துணியோடு உரிந்து வந்தது. அடியில் மரத்தில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்தான். நகம் உள்ளே போனது.

யாரோ அந்தக் காலைப் பாதி தடிமன்வரை ரம்பத்தால் அறுத்து வைத்திருந்தார்கள்.

காலை 6.25.

மொழிபெயர்ப்பாளர் தொமியே மூச்சிரைக்க ஓடி வந்தபோது கொட்டகைக் கதவில் இரண்டு மாலுமிகள் துப்பாக்கியோடு நின்றிருந்தார்கள். உள்ளே பூட்ஸ் சத்தம். கடற்படையின் கண்காணிப்பு அதிகாரி சுவாபே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். தொழிற்சாலை மேலாளர் குராமோச்சி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கையை உதறுவதுமாக இருந்தார்.

"வந்துட்டீங்களா? பத்து மணிக்கு அட்மிரல் வர்றாரும்மா. பத்து மணிக்கு!" என்றார் குராமோச்சி.

தொமியேவுக்கு அது தெரியும். இரண்டு வாரமாக எல்லோருக்கும் அதே பேச்சுத்தான். கப்பலின் மேல்தளத்திலிருந்தே கிளம்பி, திரும்ப அதிலேயே இறங்கும் சண்டை விமானம். நாட்டில் இதுவரை யாரும் செய்யாதது. அதற்காகவே இங்கிலாந்திலிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார்கள். மைதானத்தில் கப்பல் தளத்தின் அளவுக்குப் பலகை அடித்துப் போட்டிருந்தார்கள். இன்று பத்து மணிக்கு அவர்களில் விமானியான கேப்டன் லோர்ன் அந்தப் பலகைமேல் இறங்கிக் காட்ட வேண்டும். அடுத்த மாதம் நடுக்கடலில், நிஜக் கப்பலில்.

பலகையைத் தொட்டதும் அந்தக் கால் முறிந்திருந்தால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழ்ந்திருக்கும். லோர்னின் கழுத்தும் முறிந்திருக்கும்.

"நீங்க மொழிபெயர்க்க மட்டும்தான் வந்திருக்கீங்க," என்றார் சுவாபே. "அவங்க சொல்றத எனக்கு, நான் சொல்றத அவங்களுக்கு. நடுவுல ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"சந்தேகப்படற ஆள் உங்க அப்பாவா இருந்தாலும்?"

அப்போதுதான் அவள் மூலையில் பார்த்தாள். மரக்கட்டை ஒன்றின்மேல், முழங்காலில் கைகளை ஊன்றி, தலைமைத் தச்சர் இவாசே உட்கார்ந்திருந்தார். மகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இருந்தாலும்தாங்க," என்றாள்.

காலை 6.50.

வாசல் காவலாளி நிமிர்ந்து நின்று ஒப்பித்தான்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் வெளிய போயிட்டாங்க. அப்புறம் உள்ள வந்தது மூணே பேரு. அஞ்சேகாலுக்கு இவாசே மேஸ்திரி. ரம்பத்தையெல்லாம் எண்ணெய் போட்டு மாட்டிட்டு அஞ்சரைக்குப் போனாரு. அஞ்சே முக்காலுக்கு ஹார்க்னஸ் துரை. ஏதோ அளக்கணும்னாரு. ஆறு இருபதுக்குக் கிளம்பினாரு. ஆறரைக்கு தாடிக்காரத் துரை வந்து சுத்திப் பாத்துட்டுப் பூட்டினாரு."

"பூட்டினப்புறம்?"

"பூட்டை யாரும் தொடலீங்க. ஜன்னல் எல்லாம் உள்தாழ்."

"அப்ப மூணுல ஒருத்தர்," என்றார் சுவாபே. நின்ற இடத்தில் நிற்காமல் சுவரை நோக்கி நடந்தார். அங்கே ஆணிகளில் வரிசையாக இவாசேயின் ரம்பங்கள் தொங்கின. நான்காவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பல்லிடுக்கில் சாம்பல் நிறப் பூச்சு. காகிதம் போல் மெல்லிய தகடு, நடுவில் லேசாக மடங்கிக் கோணியிருந்தது.

அந்த ரம்பத்தை மரக்காலின் வெட்டுக்குள் நுழைத்தார். மடங்கல் வரை சரியாகப் போய் உட்கார்ந்தது. பிறகு தாடிக்காரத் துரையான பெல்லின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இங்கிலாந்து ரம்பம் ஒன்றை நுழைத்துப் பார்த்தார். அதன் தகடு தடிமன். வெட்டின் வாயிலேயே நின்றுவிட்டது.

"பெட்டிச் சாவி?"

"எப்பவும் என் இடுப்புல," என்றான் பெல். தொமியே அதைச் சொன்னாள்.

"தச்சர் ரம்பங்களுக்கு?"

"அதுக்குப் பூட்டே கிடையாதுங்க," என்றார் குராமோச்சி. "அவரு ரம்பத்த எவன் தொடுவான்? தொட்டவன் ஊருல இருக்க முடியாது."

காலை 7.20.

"ஒன்பது நாள் முன்னாடி இதே இடத்துல கத்துனீங்க, மேஸ்திரி," என்றார் சுவாபே. "என்ன சொன்னீங்க?"

இவாசே தரையைப் பார்த்தார்.

குராமோச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார். "கால் ரொம்ப மெலிசா இருக்குன்னாரு. 'சோறு திங்கற குச்சியாட்டம் இருக்கு, கப்பல்ல இறங்கின அன்னைக்கே உடையும், உடையலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்'னு…"

"உடைஞ்சிருந்தா உங்க பேச்சு பலிச்சிருக்கும். இல்லையா?"

சுவாபே ரம்பத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"உங்க ரம்பம். உங்க கோபம். நேத்து இங்க வந்திருக்கீங்க. பதில் சொல்லுங்க!"

இவாசே மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். கண்கள் சுவாபேயின் கையிலிருந்த ரம்பத்தில் நின்றன.

"அதைக் கொடுங்க," என்றார். "நிமித்தணும். இப்படியே வெச்சிருந்தா தகடு செத்துப்போயிடும்."

"ஒரு மனுஷன் செத்திருப்பான். உங்களுக்கு ரம்பம் முக்கியமா?"

"கேக்கறதுல அர்த்தம் இருந்தாத்தான் பதில் சொல்லலாம்," என்றார் இவாசே.

தொமியே ஒவ்வொரு வார்த்தையையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலேயர் இருவரும் கேட்டு, நடந்த சண்டை உண்மைதான் என்று உறுதி சொல்ல வேண்டுமாம். பெல் வருத்தத்தோடு தலையசைத்தான். ஹார்க்னஸ் தன் ஷூ நுனியைப் பார்த்தபடி, "ஆமாம்" என்றார்.

அந்தச் சண்டையையும் அவள்தான் மொழிபெயர்த்திருந்தாள். அப்பாவின் சூட்டை அப்படியே சொல்லப் பயந்து, "கால் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கலாமோ என்று கேட்கிறார்" என்று குழைத்துச் சொன்னாள். ஹார்க்னஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சுவாபே பையிலிருந்து மெல்லிய கயிறு ஒன்றை எடுத்தார். தானே குனிந்து இவாசேயின் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டி, இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"ராணுவப் போலீஸுக்குச் சொல்லி அனுப்பியாச்சு. ஒன்பது மணிக்கு வண்டி வரும்."

அந்த வண்டியில் ஏறியவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்று நகோயாவில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு அறுபத்தோரு வயது. தொமியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம்.

காலை 7.45.

பெல் அகலமான ஆள். தாடி மார்பு வரை தொங்கியது. ஊரில் படகு கட்டிக்கொண்டிருந்தவன். பயத்தில் அதிகம் பேசினான்.

"நான் பூட்டறப்ப இருட்டாயிடுச்சும்மா. காலை யாரு குனிஞ்சு பாத்தா? ஆனா இவாசே செஞ்சிருக்க மாட்டாரு, அதைச் சொல்லிடு."

"நீ எப்படி நிச்சயமாச் சொல்றே?" என்று சுவாபே கேட்டார்.

"மனுஷன் ரம்பத்தைக் குழந்தை மாதிரி வெச்சிருக்காரு. வந்த புதுசுல நான் ஒண்ணை எடுத்துட்டேன். மூணு நாள் என் மூஞ்சியப் பாக்கல. அப்புறம் அவரே கூப்பிட்டு, எப்படிப் பிடிக்கணும்னு காட்டினாரு. இப்ப என் ரம்பத்தைவிட அதுதான் எனக்குப் பிடிக்குது." பெல் பக்கத்திலிருந்த ஹார்க்னஸைப் பார்த்து, சூழலை லேசாக்க முயன்றான். "ஹார்க்னஸும் நானும் இங்க நல்லாப் பழகிட்டோம். பாருங்க, தாடிகூட வளக்க ஆரம்பிச்சுட்டாரு!"

யாரும் சிரிக்கவில்லை. ஹார்க்னஸ் கன்னத்தைத் தடவிக்கொண்டார். நேற்றைய முடி அதில் நரையும் செம்பட்டையுமாக முளைத்திருந்தது.

விமானத்தின் வரைபடத்தைப் போட்டவர் அவர். உயரமானவர், மென்மையாகப் பேசுபவர். எதையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார். நேற்று மாலைகூடத் தொமியேயிடம், வீட்டுக் கூரையோரம் முள்ளங்கியை ஏன் உலர்த்துகிறார்கள், சாகுமா தினமும் சக்கரக் கால்களையும் துடைப்பானா, புத்தாண்டுக்குக் கடைகள் எத்தனை நாள் மூடியிருக்கும் என்று வரிசையாகக் கேட்டார். அவளுக்கு அவரைப் பிடிக்கும். இந்தத் தொழிற்சாலையில் அவளை 'பொம்பளை' என்று பார்க்காமல் பேசும் ஒரே மனிதர்.

"நேத்து அஞ்சே முக்காலுக்கு என்ன பண்ணினீங்க?"

"இறக்கைகளுக்கு நடுவுல இடைவெளி அளந்தேன்."

"காலைப் பாத்தீங்களா?"

"கவனிக்கல." குரல் வறண்டிருந்தது. "இன்னைக்குப் பறக்கறது ரத்துதானே?"

"ரத்துதான்," என்றார் சுவாபே எரிச்சலோடு.

ஹார்க்னஸ் நீளமாக ஒரு மூச்சு விட்டார். முன்னால் வைத்திருந்த தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

காலை 8.20.

அட்மிரலுக்குத் தந்தி அடிப்பதா, நேரில் சொல்வதா என்று சுவாபேயும் குராமோச்சியும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். தொமியே நிற்க முடியாமல் விமானத்தருகே போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

சக்கரக் காலருகே குந்தி உட்கார்ந்தாள்.

வெட்டுக்கு மேலே மரத்தில் மூன்று கீறல்கள். ரம்பம் பிடிபடாமல் துள்ளியிருக்கிறது. வெட்டும் நேராக இல்லை. அலை போல் நெளிந்து உள்ளே போயிருந்தது.

"அவசரத்துல அறுத்திருக்கான்," என்றார் பின்னாலிருந்து சுவாபே. "கை நடுங்கியிருக்கும். உங்க இடத்துக்குப் போங்க."

அவள் எழுந்தாள். சாகுமாவின் துணி வாளி விளிம்பில் கிடந்தது. எடுத்து முகர்ந்தாள்.

"சாகுமா அண்ணே, நீங்க வாளியில சோப்பு போடுவீங்களா?"

"சோப்பா? போட்டா இறக்கைத் துணி மேல பூசின பூச்செல்லாம் போயிடும்மா. வெறும் தண்ணிதான். இந்த நுரை அந்த வெட்டுக்குள்ளேருந்து வந்துச்சு. அதை யாரும் கேக்கவே இல்ல."

"தொழிற்சாலை சோப்பு எப்படி வாசனை அடிக்கும்?"

"வாசனையா!" சாகுமா மூக்கைச் சுளித்தான். "மீனெண்ணெய்ல செய்யறது. கைகழுவிட்டு வீட்டுக்குப் போனா பூனை பின்னாலயே வருது."

துணியில் மீன்வாடை இல்லை. லாவெண்டர் மணத்தது.

தொமியே அசையாமல் நின்றாள். ஆறு வயதில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மிஷன் பாதிரியார் வேலி பழுது பார்க்க அப்பாவிடம் ரம்பம் இரவல் வாங்கிப் போய், ஒரே நாளில் திருப்பித் தந்தார். நடுவில் மடங்கி, கோணிப்போய். அன்று அப்பா சாப்பிடவில்லை. 'பாதிரியார் கெட்டவர் இல்லை, அவர் கைக்கு வேற பழக்கம்' என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

கடிகாரம் எட்டரை அடித்தது.

காலை 8.35.

"அய்யா," என்றாள். சுவாபேயின் முன்னால் போய் நின்றாள். "என் சொந்த வார்த்தையில பேச அஞ்சு நிமிஷம் கொடுங்க."

"உங்களுக்கு என்ன சொன்னேன்?"

"வண்டி வர இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அஞ்சு நிமிஷம்தான் கேக்கறேன். நான் தப்புன்னா, என் வேலையையும் எடுத்துக்கங்க."

சுவாபே நடையை நிறுத்தினார். காலையிலிருந்து முதல் தடவை. "ம்," என்றார்.

அவள் ஒரு துண்டுப் பலகையை மேஜை விளிம்பில் வைத்து, சுவரிலிருந்து ஒரு ரம்பத்தை எடுத்தாள். அப்பாவின் முகம் மாறியதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"மிஸ்டர் பெல், இதைக் கொஞ்சம் அறுங்க."

பெல் வாங்கினான். ரம்பத்தைப் பலகையில் வைத்துத் தன்னை நோக்கி இழுத்தான். திரும்ப லேசாக விட்டு, மறுபடி இழுத்தான். தூள் அவன் வயிற்றில் கொட்டியது.

"அய்யா, நீங்க?"

சுவாபே முறைத்தார். ஆனாலும் வாங்கி அறுத்தார். அவரும் இழுத்தார். இந்த நாட்டில் பிறந்த எந்தக் கையும் அப்படித்தான் இழுக்கும்.

"மிஸ்டர் ஹார்க்னஸ்."

ஹார்க்னஸ் எழுந்து வந்தார். ரம்பத்தை வாங்கினார். பலகைமேல் வைத்தார். தோள் முன்னால் சாய்ந்தது. தள்ளுவதற்குத் தயாராகிவிட்ட தோள். அப்படியே நின்றது.

கூரைத் தகரம் மட்டும் படபடத்தது.

"வேண்டாம், தொமியே," என்றார் மெதுவாக. ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"அவர் என்ன சொன்னாரு?" என்றார் சுவாபே.

"வேண்டாம்னு சொன்னாருங்க." அவள் மடங்கிய ரம்பத்தைக் கையில் எடுத்தாள். "அய்யா, எங்க ரம்பத்தோட பல்லு அறுக்கற ஆளைப் பாத்து இருக்கும். இழுத்தாத்தான் அறுக்கும். அதனாலதான் தகடு இவ்வளவு மெலிசு. அவங்க ஊர் ரம்பம் தள்ளி அறுக்கறது. தள்ளற பலத்தைத் தாங்க அதுக்குத் தடிமன் வேணும். எங்க ரம்பத்தைத் தள்ளினா இப்படித்தான் நடுவுல மடங்கும். முதல்ல துள்ளும், மூணு கீறல் விழும், அப்புறம் நெளிஞ்சு போகும். நாப்பத்தஞ்சு வருஷமா மரம் அறுக்கறவர் கை, எவ்வளவு நடுங்கினாலும், தள்ளாது."

"தாடிக்காரனும் அந்த ஊர்தானே?"

"அவருக்கு இழுக்கத் தெரியும். இப்பப் பாத்தீங்களே. வேற ஊர்ப் பழக்கமுள்ள கை, எங்க ரம்பத்தைப் பழகாத கை. அந்த மாதிரி நேத்து உள்ள வந்தது ஒருத்தர்தான்."

குராமோச்சி வாயைப் பிளந்தார். "அவர் விமானத்தை அவரே… கேப்டன் லோர்னைக் கொல்லவா?"

"கொல்ல இல்லீங்க. நாம எல்லாரும் வெட்டைப் பாத்தோம். வெட்டை எதை வெச்சு அடைச்சிருக்குன்னு பாக்கல. மறைக்கணும்னு நினைச்சிருந்தா மரம் ஒட்டற வஜ்ஜிரப் பசையில மரத்தூளைக் குழைச்சு அடைச்சிருக்கலாம். வஜ்ஜிரச் சட்டி அங்கேயேதான் இருக்கு. எத்தனை தடவை துடைச்சாலும் தெரிஞ்சிருக்காது. ஆனா இதை சோப்பால அடைச்சிருக்கு. விடிஞ்சா ஈரத்துணி படும்னு தெரிஞ்சே சோப்பு." துணியை அவர் பக்கம் நீட்டினாள். "முகத்துக்குப் போடற சோப்பு, லாவெண்டர் வாசனை. மிஸ்டர் பெல்லுக்குத் தாடி. கேப்டன் லோர்ன் கோபேயிலேருந்து ஒன்பதரை ரயில்லதான் வர்றாரு. தினமும் மழமழன்னு சவரம் பண்ணிக்கிட்டு வர்ற ஒருத்தர் இன்னைக்கு மட்டும் பண்ணிக்கல. சோப்பு தீந்துபோச்சு."

ஹார்க்னஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். தொமியே அவர் வாயைப் பார்த்தபடி மொழிபெயர்த்தாள்.

"உங்க அப்பா சொன்னதைக் கேட்டுச் சிரிச்சேன். அப்புறம் தூக்கம் வரல. சனிக்கிழமை கணக்கை மறுபடி போட்டேன். தரையில இறங்கற அதிர்ச்சிக்குத்தான் காலை வரைஞ்சிருக்கேன். கடல்ல தளமே மேல எழும்பி வந்து மோதும். மூணு தடவை இறங்கினா ஒரு தடவை முறியும். இன்னைக்குப் பலகையில தாங்கிடும். அட்மிரல் கை தட்டுவாரு. அதே கால் கப்பலுக்குப் போயிடும்."

"வாயால சொல்லியிருக்கலாமே!" என்று குராமோச்சி கத்தினார்.

"இவ்வளவு தூரம் என்னை நம்பிக் கூப்பிட்டீங்க. முதல் வரைபடத்துலயே தப்புன்னு சொல்ல… வாய் வரல. யாரோ வெளியாள் வேலைன்னு நினைப்பீங்க, காலை மாத்தச் சொல்வீங்க, நான் சத்தமில்லாம தடிமனான கால் வரைஞ்சு கொடுத்துடலாம்னு நினைச்சேன். கைக்கு எட்டின ரம்பத்தை எடுத்தேன். அது யாருதுன்னுகூட யோசிக்கல."

தொமியே கடைசி வரி வரை மொழிபெயர்த்து முடித்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"யோசிக்காம எடுத்தீங்க, சரி. ஆனா ஏழு இருபதுக்கு எங்கப்பா கையைக் கட்டினாங்க. இப்ப மணி எட்டே முக்கால். இதுவரைக்கும் அவரைக் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நான்தான் என் வாயால உங்களுக்குச் சொன்னேன். நீங்க ஷூவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

ஹார்க்னஸின் கன்னம் துடித்தது.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றார் சுவாபே.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ளங்க." பிறகு தலை குனிந்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு அப்பா சொன்னதை நான் அப்படியே சொல்லல. மரியாதையா இருக்கட்டும்னு குறைச்சுச் சொன்னேன். அப்படியே சொல்லியிருந்தா இவர் அன்னைக்கே கணக்கைத் திருப்பிப் பாத்திருப்பாரோ என்னவோ. அந்தத் தப்பு என்னுது."

சுவாபே ரம்பத்தின் மடங்கலை விரலால் தடவிப் பார்த்தார்.

காலை 8.55.

ராணுவப் போலீஸ் வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்ப ஒரு மாலுமி ஓடினான். இன்னொரு மாலுமி இவாசேயின் கட்டை அவிழ்க்கக் குனிந்தான்.

இவாசே கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ விடு, தம்பி," என்றார். "கட்டினவரே அவுக்கட்டும்."

"அப்பா…" என்றாள் தொமியே. இவாசே அவள் பக்கம் திரும்பவில்லை.

சுவாபேயின் முகம் சிவந்தது. இடுப்பில் தொங்கிய வாளைத் தொட்ட கை கீழே இறங்கியது. அவர் வந்தார். தொப்பியைக் கழற்றி மரக்கட்டைமேல் வைத்தார். சிமெண்டுத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, முடிச்சில் விரலை வைத்தார்.

கடற்படைக்காரர் போட்ட முடிச்சு. இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினார், வழுக்கியது. வெளியே திடீரென்று கார் ஹாரன் சத்தம். வாசல் காவலாளி உரக்க வணக்கம் சொல்வது கேட்டது. அட்மிரல் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

குராமோச்சி இங்கும் அங்கும் ஓடினார். சுவாபேயின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரல்கள் தடுமாறின.

"அவசரமில்லீங்க, அய்யா," என்றார் இவாசே. "மெதுவா."